ராகிப்பால் ஊட்டிய கை

நான் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் பால்காரனை அவனுடைய பால் பாத்திரமான போசியாலேயே அடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான கையோடு கோபிசெட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கணபதியில் மில்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றின் முன்னால் தகரப்பெட்டியை இறக்கி வைத்திருந்தேன். பின்னால் ணங் ணங்கென்று சத்தம் கேட்டது. திரும்பினால், ஆறடி ஆம்பிளை ஒருத்தன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு புழுதியில் உட்கார்ந்திருக்கிறான். காய்ந்த சோளத்தட்டை மாதிரி ஒரு பொம்பளை அவன் மேல் போசியை இறக்கிக்கொண்டிருக்கிறாள். கொட்டிய பாலில் ஒரு தலைப்பிரட்டை துடித்துக்கொண்டு கிடந்தது.

"நல்ல தண்ணி ஊத்துனாக்கூட உட்டுருவன். குட்டைத் தண்ணிய ஊத்தி, பச்சப் புள்ளைக குடிக்கறதுக்குக் கொண்டாறியாடா?" ஒரு வார்த்தைக்கு ஓர் அடி விழுந்தது.

என் வீட்டுக்காரர் மில்லில் பிட்டர். இரும்பை நிமிர்த்துகிறவர். அவரே தலையைக் குனிந்துகொண்டு, "அக்கட்ட பாக்காத அம்மிணி, உள்ள போ" என்றார். நான் போகவில்லை. எனக்குச் சண்டை பார்ப்பது பிடிக்கும்.

மறுநாள் காலையில் மண்டையில் துணிக்கட்டோடு பால்காரன் வந்தான். அன்றைக்கு அவன் ஊற்றிய பால்போல் கெட்டியான பாலை நான் கோபியில்கூடப் பார்த்ததில்லை.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் லைனில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசி வீட்டில் இருந்தாள், அதனால் கடைசி வீட்டக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். இத்தனை வருஷம் கழித்தும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அதோடு சேர்ந்து வேறொன்றும் வருகிறது. பாசம் என்று சொன்னால் அவளே எழுந்து வந்து என்னை அறைவாள்.

பைக்காரா அணையிலிருந்து கரண்டு வந்து மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. லைனில் பாதிப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். காலையில் மில் சங்கு ஊதியதும், குழந்தையை இடுப்பிலிருந்து பிய்த்து அவள் வீட்டில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவள் குழந்தைகளைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. தாலாட்டும் கிடையாது. ஊட்டுவாள். தாய்ப்பால் மறந்த குழந்தையைத் தானியத்துக்கும் மாட்டுப்பாலுக்கும் பழக்குவதுதான் அவள் வேலை, அவள் வெறி, அவள் கும்பிடும் சாமி எல்லாம்.

ராகியை முந்தின நாளே ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிவாள். பால் தெளிந்ததும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, மாட்டுப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சுவாள். அந்த மணம் லைன் கோடி வரைக்கும் போகும். எனக்கே வாயூறும். ஆனால் மணத்துக்குப் பின்னாலேயே அலறல் வந்துவிடும்.

கால் இரண்டையும் நீட்டி உட்காருவாள். குழந்தையை அதில் மல்லாத்திப் போட்டு, கைகளை அசையவிடாமல் தன் தொடைகளுக்கு நடுவில் இறுக்குவாள். இடது கையால் கன்னத்தை இருபுறமும் அமுக்கினால் வாய் திறக்கும். திறக்கவில்லையானால் மூக்கைப் பிடிப்பாள். மூச்சுக்காக வாய் திறந்த நொடியில் பாலூட்டும் பாலாடைக் கிண்ணத்தின் நுனியை உள்ளே விட்டுச் சாய்த்துவிடுவாள். குழந்தை கமறும், கண் பிதுங்கும், கடைசியில் விழுங்கும். விழுங்காமல் அவள் மடியிலிருந்து ஒரு குழந்தையும் எழுந்ததில்லை.

"வாய் எதுக்கு இருக்குது? அழுகறதுக்கா?" என்பாள். பேச்சுத் தெரியாத குழந்தையிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்பாள். பதில் வராததற்கும் ஒரு அடி உண்டு.

லைன் குழந்தைகளின் கன்னத்தில் கட்டைவிரல் தடம் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். அதைப் பார்த்தே இது கடைசி வீட்டில் வளர்கிற குழந்தை என்று சொல்லிவிடலாம். அதுகளெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன என்பதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். பக்கத்து லைன்களில் பால் மறந்த குழந்தைகள் கைகால் சூம்பி, வயிறு ஊதிச் செத்துக்கொண்டிருந்தன. இவள் கையில் வளர்ந்தது ஒன்றும் சாகவில்லை. பெற்றவர்கள் அந்தத் தடத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், மறுநாள் சங்கு ஊதியதும் கொண்டுவந்து விடுவார்கள்.

எதிர்வீட்டுக்காரி ஒருமுறை மனம் கேட்காமல், குழந்தையை இவளிடம் விடுவதற்குப் பதிலாக மிளகளவு அபினியை நாக்கில் தடவித் தூங்கப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மதியம் இவள் போய்ப் பார்த்தால் குழந்தை துவண்டு கிடக்கிறது. கன்னத்தை அமுக்கினால் வாய் திறக்கிறது, ஊற்றிய பால் அப்படியே வழிகிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மில் கேட்டுக்கே போனாள். ஷிப்டு முடிந்து வந்த எதிர்வீட்டுக்காரியை, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தலைமயிரைச் சுற்றிப் பிடித்து மண்ணில் இழுத்தாள்.

"தூங்க வெச்சாப் பசி தெரியாதுன்னு பாத்தியா? தூங்கிட்டே செத்துருமடி! பசியில அழுகற புள்ளதாண்டி பொழைக்கும்!" என்று கத்திக்கொண்டே முகத்திலும் முதுகிலும் மாறி மாறி அறைந்தாள். காவல்காரன் பிடித்து இழுத்தபோது அவன் கையையும் கடித்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. உதடு கிழிந்த எதிர்வீட்டுக்காரி மறுநாள் அதே குழந்தையை அதே வாசலில் கொண்டுவந்து விட்டாள். வேறு எங்கே விடுவாள், பாவம்.

அடிக்கிற கைக்கு அடி புதிதில்லை. அவள் புருஷன் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவன். ஒருநாள் தள்ளாடி வந்து, தெளிய வைத்திருந்த ராகிப்பால் சட்டியில் காலை விட்டுக் கவிழ்த்துவிட்டான். இவள் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி அந்தக் காலிலேயே போட்டாள். அவன் நொண்டிக்கொண்டே போய், மில்லிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பழைய பெல்ட் வாரை எடுத்தான். அவன் அடித்த ஒவ்வொரு அடியும் மண்சுவரில் எனக்குக் கேட்டது. அவள் வாய் திறந்து ஒரு சத்தம் போடவில்லை. அவன் ஓய்ந்த பிறகு கேட்டது, ராகியைத் தண்ணீரில் கொட்டும் சலசலப்புத்தான்.

விடிந்ததும் விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். முதுகில் தோல் வரிவரியாக உரிந்திருந்தது. தடவிக்கொண்டே, "ஏனுங்கக்கா, அந்தச் சட்டி ராகிக்காகவா இத்தனை?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் வெள்ளகோவில் பக்கம், வானம் பார்த்த காட்டில் மாடு வளர்க்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உண்டாகிவிட்டது. மாமியார் அன்றைக்கே இவள் மாரில் வேப்பெண்ணெயைப் பூசிவிட்டாள். அதற்கு முன்னால் அந்தக் குழந்தை ஒரு வாய் கூழ்கூடப் பழகியதில்லை. திடீரென்று கூழ் வட்டலைக் காட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நான் ஊட்டப் போனன். என்ற மாமியா கையப் புடிச்சுக்கிச்சு. கன்னுக்குட்டிக்கு முள்ளு வளையம் மாட்டிப் பால மறக்கடிக்கறோமே, அது தீனி திங்காமயா போச்சு, பசிச்சாத் தானாத் தின்னுக்கும், உடுன்னு சொல்லுச்சு. நானும் உட்டுட்டன். அது திங்கவே இல்ல அம்மிணி. அழுது அழுது, பொறவு அழுகறதையும் உட்டுருச்சு."

வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. மாமியாரை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "பல்ல ஒடச்சுப்போட்டுத்தான் இங்க வந்தன்."

எனக்குச் சரசு பிறந்தாள். அவளைக் கடைசி வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று நான் தீர்மானமாக இருந்தேன். வேலைக்குப் போகாதவள், வீட்டோடு இருக்கிறவள், நான் ஏன் அனுப்ப வேண்டும்? சரசு தவழ்ந்து எழுந்து நிற்கப் பார்த்த சமயத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. பத்தியம் என்று கஞ்சித் தண்ணியைத் தவிர ஒன்றும் தராமல் போட்டுவிட்டார்கள். எனக்குப் பால் வற்றிப்போனது. குழந்தை வெறும் மாரைக் கடித்துக்கொண்டு கத்தினாள்.

என் வீட்டுக்காரர் மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் ஓடினார். இந்த வயதுக்குத் தானியமும் பாலும் பழக்கியிருக்க வேண்டும், இன்னும் ஏன் பழக்கவில்லை என்று அந்தம்மா திட்டிவிட்டு, சீமை ஓட்ஸ் ஒரு டின் வாங்கிப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். டின்னைத் திறந்து பார்த்தால் அவல் மாதிரி தட்டையாக, ஓரமெல்லாம் பழுப்பாக இருந்தது. உமி போகவில்லை என்று நினைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் உமியோடு இருக்கிற தானியத்தை எந்தக் கிறுக்கச்சியும் குழந்தைக்குக் கொடுக்க மாட்டாள். நான் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் அதை உரலில் போட்டுக் குத்தினார், முறத்தில் புடைத்தார். பறந்தது போக மிஞ்சிய மாவை, கம்மங்கூழுக்குச் செய்வதுபோல் புளிக்கவிட்டுக் காய்ச்சினார். பாலில் காய்ச்சச் சொன்னது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

சரசு அதைக் குடித்து, வாந்தியும் பேதியுமாக எடுத்தாள். சத்தம் கேட்டுக் கடைசி வீட்டக்கா வந்தாள். சட்டியில் விரலை விட்டு நக்கினாள், த்தூ என்று துப்பினாள், காய்ச்சலில் கிடந்த என்னை அப்படியே ஒரு அறை அறைந்தாள். எனக்குப் பொறி கலங்கிவிட்டது.

"மொதலாளியூட்டுக் குதிரைக்கு வெக்கறதப் புளிக்க வெச்சு ஊத்தறியா? பெத்தவளாடி நீ?" என்று கேட்டுவிட்டு, மிச்சக் கூழைச் சட்டியோடு என் வீட்டுக்காரர் மேல் வீசினாள். சரசுவை ஒரு கக்கத்திலும் ஓட்ஸ் டின்னை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு போனாள். டின்னில் இருந்ததைப் பால்காரன் எருமைக்குக் கொட்டிவிட்டு ராகி மாவு போட்டு வைத்துக்கொண்டாளாம். நல்ல டின், இறுக்கமான மூடி.

அதற்குப் பிறகு தினமும் சுவர் வழியாக நான் கேட்ட அலறல் என் குழந்தையுடையது. மற்றக் குழந்தைகளின் அலறலைக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போக உடம்பில் தெம்பில்லை. சாயங்காலம் சரசு கன்னத்தில் நீலத்தோடும் வயிறு நிறைந்தும் வருவாள். நாளுக்கு நாள் தேறினாள். ஆனால் யாராவது காலை நீட்டி உட்கார்ந்தாலே வீறிட்டாள். மடியைக் கண்டு பயப்படுகிற குழந்தையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காய்ச்சல் விட்டு நான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு மதியம் அலறல் பாதியில் நின்றது. விழுங்கும்போது நிற்கிற மாதிரி இல்லை. கையில் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். சரசு அவள் காலில் கிடக்கிறாள், வாய் நிறையப் பால், முகம் கருநீலம், மார்பு எழும்பவில்லை. அவள் இன்னும் பாலாடையைப் பிடித்துக்கொண்டு, "முழுங்கு, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் செம்பால் அவள் நெற்றியில் அடித்தேன். இருந்த பலம் அத்தனையும் கூட்டி அடித்தேன். தோல் பிளந்து ரத்தம் குபுகுபுவென்று இறங்கி அவள் கண்ணை மூடியது, குழந்தையின் வயிற்றில் சொட்டியது. இரண்டாவது அடிக்கு நான் ஓங்கியபோது அவள் என்னைப் பார்க்கவேயில்லை. சரசுவைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் படார் படாரென்று அறைந்தாள். கட்டியாய்ப் பால் வெளியே விழுந்தது. குழந்தை கேவி, பிறகு கத்தினாள்.

"இனி என்ற புள்ளையத் தொட்டீன்னா வெட்டிப்போடுவேன்" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவளை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அடித்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. பெற்ற எவளும் அதைத்தான் செய்வாள்.

அவள் திருந்திவிட்டாள் என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. நாங்கள் பீளமேட்டுப் பக்கம் வீடு மாறிப் போகிற நாள் வரை, நெற்றித் தழும்போடு அவள் மற்றக் குழந்தைகளை அப்படியேதான் அமுக்கிப் பிடித்தாள், அவை அப்படியேதான் கத்தின, கொழுத்தன. என் குழந்தை விஷயத்தில் மட்டும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

செம்பால் அடித்ததற்குப் பிறகு சரசு வாயை மூடிக்கொண்டாள். பாலாடை, கரண்டி, விரல் எதைக் காட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். வற்றிய மார் ஊறவில்லை. பழைய சதை கரைந்து விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் கெஞ்சினேன், நிலாக் காட்டினேன், காக்காய் காட்டினேன். ஒரு காலையில் பொறுக்கமாட்டாமல் காலை நீட்டி உட்கார்ந்து, அவளை மல்லாத்திப் போட்டு, கன்னத்தை அமுக்கினேன். அக்காவின் விரல் பட்டுக் கன்றிப்போயிருந்த அதே இடத்தில் என் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. சரசு அலறினாள்.

இந்தத் தடவை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதைக் கேட்டவள் அவள்.

வந்து வாசலில் நின்றாள். நெற்றியில் மஞ்சளும் எரித்த துணியின் கரியும் அப்பிய காயம், ஒரு கண் பாதி மூடியிருந்தது. "உடு அவள" என்றாள். அந்தக் குரலில் அடி இல்லை. திரும்பிப் போனவள், வட்டலில் ராகியைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, பாலும் சர்க்கரையும் விட்டுக் கொண்டுவந்தாள். அதைத் தரையில் குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அவளைக் கண்டதும் சரசு என் முந்தானைக்குள் போய் ஒளிந்தாள். அக்கா எட்டப் போய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் பாரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"நான் ஊட்ட மாட்டன். நீயும் ஊட்டாத." பிறகு, அவள் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்தே பார்க்காததைச் சொன்னாள். "பசிச்சாத் தானாத் தின்னுக்கும். உடு."

உட்கார்ந்திருந்தோம். பாலில் ஈ வந்து மொய்த்தது. சரசு அழுதாள், ஓய்ந்தாள், முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. கீழுதட்டைக் கடித்துக் கடித்து அதில் ரத்தம் வந்துவிட்டது. தன் கையோடு அவள் அங்கே ஒரு மல்லுக்கட்டே நடத்திக்கொண்டிருந்தாள். குழந்தை வட்டலை நோக்கி ஒரு எட்டு தவழ்ந்து, நின்று, திரும்ப என்னிடம் வந்தாள். மறுபடி போனாள். களிக்குள் விரலை விட்டாள். மூக்கில் தடவினாள், தலையில் தடவினாள். நான் தாங்கமாட்டாமல் ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதடி!" தொடைக்கு அடியிலிருந்து பாம்பு மாதிரி ஒரு கை வெளியே வந்து என் மணிக்கட்டில் அடித்துவிட்டு, உடனே உள்ளே போய்விட்டது.

சரசு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கை நிறையக் களியை அள்ளி, தன் வாயில் தானே வைத்துக்கொண்டாள். மென்றாள். இன்னொரு பிடி அள்ளினாள். நான் அழுதுகொண்டே சிரித்து, "அக்கா, திங்கறாளுங்கக்கா" என்றேன்.

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். சந்தோஷத்தில் போகிறாள் என்று நினைத்தேன். வெளியே ஏதோ அடிபடுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வாசல் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் முகத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டிருக்கிறாள். நெற்றிக் காயம் திறந்து கன்னமெல்லாம் ரத்தம். கையைப் பிடித்தேன். திமிறிக்கொண்டு மறுபடி அறைந்தாள்.

"இது தானாத் திங்குதல்ல? திங்குதல்ல?" என்று கேட்டாள். பால்காரனிடமோ எதிர்வீட்டுக்காரியிடமோ கேட்ட மாதிரி இல்லை. பதில் வேண்டுமென்று கேட்டாள். "அப்ப அது ஏன் அம்மிணி திங்கல? நானும் இப்படித்தான உட்டுட்டு உக்காந்திருந்தன். அது ஏன் திங்கல?"

அவள் கைகளை என் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சரசு காலி வட்டலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் வேண்டுமாம்.